வேட்டைக்கும் பண்ணைக்கும் ஒரே சைட்-பை-சைட்: எது நின்று உழைக்கும்?

லானோகாரன் (டெக்சாஸ்)

வணக்கம் நண்பர்களே. டெக்சாஸ் ஹில் கன்ட்ரியில், லானோ பக்கம், நானும் மச்சானும் சேர்ந்து 80 ஏக்கர் வாங்கியிருக்கிறோம். இளஞ்சிவப்பு கிரானைட் சரளை, சீடர் (cedar) மரப்புதர், மழை பெய்தால் மட்டும் தண்ணீர் பார்க்கும் ஓர் ஓடை. மான் நிறைய இருக்கிறது. காட்டுப்பன்றி அதைவிட நிறைய.

வாங்கப்போவது ஒரு சைட்-பை-சைட், அதாவது இருவர் பக்கம் பக்கமாக உட்கார்ந்து கரடுமுரடான நிலத்தில் ஓட்டும், பின்தட்டு வைத்த சின்ன வண்டி. அதற்கு என்ன வேலை என்றால், வேலிக் கம்பியும் இரும்புத் தூணும் ஏற்ற வேண்டும். வெட்டிய சீடர் மரத்தை இழுத்துப் போட வேண்டும். 50 பவுண்டு மக்காச்சோள மூட்டைகளை மான் ஃபீடர் (தீவனப் பெட்டி) வரைக்கும் கொண்டுபோக வேண்டும். கோடையில் பின்தட்டில் 100 காலன் தண்ணீர்த் தொட்டி இருக்கும். நவம்பர் முதல் சனிக்கிழமை மான் சீசன் தொடங்கியதும் விடிவதற்கு முன்னால் மறைவிடம் வரை போக வேண்டும், கிடைத்ததை ஏற்றி வர வேண்டும்.

டீலரிடம் போனால் குதிரைசக்தி பேசுகிறார்கள். யூடியூபில் பார்த்தால் மணல்மேட்டில் பறக்கிறார்கள். எனக்கு இரண்டும் வேண்டாம். பத்து வருஷம் கழித்தும் சாவியைத் திருப்பினால் கிளம்ப வேண்டும், அவ்வளவுதான். 15,000 டாலருக்குள், பழைய வண்டி என்றாலும் சரி.

ஒரு வேண்டுகோள். இந்தப் பேச்சு எங்கே நடந்தாலும் கம்பெனிச் சண்டையில்தான் முடிகிறது. அதனால் சொந்த வண்டியில் வந்த கோளாறைச் சொல்பவர்கள் கம்பெனி பெயரை விட்டுவிட்டுக் கோளாறை மட்டும் சொல்லுங்கள்.

ஸ்பேனர்கை (ஒன்ராறியோ)

தம்பி, இந்த ரக வாகனங்களைத் திருத்துவதுதான் எனக்குத் தொழில். எல்லாக் கம்பெனியும் என் வாசலுக்கு வரும். எதுவும் உடையாத வாகனம் ஒன்றை இன்னும் நான் பார்க்கவில்லை. ஆனால் எது, எங்கே, ஏன் உடையும் என்று முன்கூட்டியே சொல்லலாம்.

முதலில் பெயரை மறந்துவிட்டு இஞ்சினில் இருந்து சக்கரத்துக்குச் சக்தி எப்படிப் போகிறது என்று பாருங்கள். மூன்று வழி இருக்கிறது. ரப்பர் பெல்ட்டும் இரண்டு கப்பியும் ஒரு வழி. போலாரிஸ் ரேஞ்சர், கேன்-ஆம் டிஃபெண்டர், கவாசாகி மியூல், ஜான் டீர் கேட்டர், யமஹா வைகிங், உல்வரின் எல்லாம் இந்த வகை. இரண்டாவது, கார் போலப் பல்சக்கர கியர். ஹோண்டா பயனியர் 700-இல் டார்க் கன்வெர்ட்டரோடு (எண்ணெய் வழியாகச் சுழற்சியைக் கடத்தும் பாகம்) மூன்று கியர், பயனியர் 1000-இல் இரட்டை கிளட்ச்சோடு ஆறு கியர். மூன்றாவது, எண்ணெய் அழுத்தத்தால் ஓடும் ஹைட்ரோஸ்டாட். குபோட்டா ஆர்டிவி டீசல் வண்டிகள் அப்படி.

கடைக்கு வரும் பெல்ட் வண்டிகளில் நான் முதலில் கழற்றுவது பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் மூடியை. கழற்றினால் கறுப்புத் தூள் கொட்டும், கருகிய ரப்பர் மணம் அடிக்கும். பெல்ட்டை வெளியே எடுத்து வளைத்துப் பார்த்தால் ஓரிடத்தில் மட்டும் இடுப்பு ஒடுங்கியது போலத் தேய்ந்திருக்கும். அது ஒரே நாளில் வந்த தேய்மானம். சுமையோடு சேற்றிலோ கல்லிலோ மாட்டிக்கொண்டு, ஹை கியரிலேயே மிதித்திருப்பார்கள். முன் கப்பி சுழலும், பெல்ட் நகராது, அந்த ஒரே இடம் எரியும். இரண்டு வாரம் கழித்துச் சமதரையில் போகும்போது அறுந்துவிட்டு, "சும்மா போய்க்கொண்டிருந்தேன், அறுந்துவிட்டது" என்பார்கள்.

அறுந்த பெல்ட்டை மாற்றுவது அரை மணி வேலை. ஆனால் அதன் நூல்கள் முன் கப்பிக்குப் பின்னால் தண்டில் சுற்றிக்கொண்டால் சீல் போகும், எண்ணெய் கசியும். அந்த நூலை ஒன்றுவிடாமல் எடுக்காமல் புதிய பெல்ட் போடுகிறவர்கள்தான் என் வருமானம்.

15 மைல் வேகத்துக்குக் கீழே போவதென்றால் லோ கியர். சுமை இருந்தால் லோ. ட்ரெய்லரில் ஏற்றும்போது லோ. இதை மட்டும் கடைப்பிடித்தால் பெல்ட் பல வருடம் வரும்.

பழையமியூல் (மிசிசிப்பி)

ஸ்பேனர்கை அண்ணா சொல்வது சரிதான், ஆனால் பெல்ட் என்றாலே எல்லாம் ஒன்றில்லை. மியூல் ப்ரோ-எஃப்எக்ஸ்டியில் மையவிலக்கு கிளட்ச் தனியாக இருக்கிறது. நிற்கும்போது பெல்ட் தளர்ந்து கிடக்காது, கிளம்பும்போது வழுக்குவதை அந்த கிளட்ச் ஏற்றுக்கொள்ளும். யமஹாவும் அதே வழியில்தான் பெல்ட்டை எப்போதும் இறுக்கத்தில் வைத்திருக்கிறது. அமெரிக்காவில் பெல்ட்டுக்கு மட்டும் பத்து வருஷ வாரண்டி தரும் தைரியம் அவர்களுக்கு அங்கிருந்துதான் வந்தது.

அப்புறம், மியூல் 1988-இல் இருந்து வருகிறது. எங்கள் பக்கத்துப் பருத்திப் பண்ணைகளில் ஆறடி புல்லுக்குள் கிடந்த மியூலை இழுத்து வந்து, புது பேட்டரி போட்டு, கார்புரேட்டரைக் கழுவி ஓட்டுகிறார்கள். வேகம் கிடையாது, சொகுசு கிடையாது. கெட்டுப்போவதற்கு அதில் அதிகமாக ஒன்றும் இல்லை.

ஸ்பேனர்கை (ஒன்ராறியோ)

பழைய மியூல் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இன்று கடையில் இருக்கும் மியூல் ப்ரோ அந்த மியூலின் பேரப்பிள்ளை. எஃப்எக்ஸ்டி 820 மாடலில் 812 சிசி மூன்று சிலிண்டர் இஞ்சின், சீனாவின் செரி கார் கம்பெனி வழி வந்தது. நல்ல இஞ்சின்தான், குறையாகச் சொல்லவில்லை. பழைய பெயரை நம்பிப் புது வாகனம் வாங்கக்கூடாது என்றுதான் சொல்கிறேன். எல்லாக் கம்பெனிக்கும் இது பொருந்தும்.

மாட்டுடாக்டர் (கேன்சஸ்)

நான் கால்நடை மருத்துவர். வேலை நிமித்தமாகப் பண்ணை பண்ணையாகப் போவதால் யார் எதை ஓட்டுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். இதற்கு முன் யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: ராஞ்ச்காரர்கள் இணையத்தில் படித்து வாங்குவதில்லை, உதிரிபாகம் எங்கே கிடைக்கும் என்று பார்த்து வாங்குகிறார்கள்.

நாள் முழுக்க மெதுவாக ஓட்டுகிறவர்கள், அதாவது வேலி பார்க்க, தீவனம் போட, பிறந்த கன்றுக்குக் காதுப்பட்டை குத்தப் போகிறவர்கள், கேபின் வைத்த குபோட்டா ஆர்டிவி எக்ஸ்1100சி வைத்திருக்கிறார்கள். ஹீட்டர், ஏசி இரண்டும் கம்பெனியிலிருந்தே வரும். 1,123 சிசி டீசல், 24.8 குதிரைசக்தி. அந்த எண்ணிக்கை ஒன்றும் தற்செயல் இல்லை. 25-க்குக் கீழே இருந்தால் புகை வடிகட்டி வைக்கும் கட்டாயம் இல்லை, அதனால் டீசல் வண்டிகளில் அதிகம் தலைவலி தரும் பாகமே அதில் கிடையாது. டிராக்டருக்கு வைத்திருக்கும் சிவப்புச் சாயம் போட்ட வரியில்லாத டீசலையே இதற்கும் ஊற்றிக்கொள்ளலாம். அதே டிராக்டர் டீலர்தான் உதிரிபாகமும் தருவார்.

ஆனால் 30 மைல் வேகம்கூட எட்டாது. எடை 2,300 பவுண்டுக்கு மேல். சத்தமும் சொல்லிக்கொள்ளும்படி இருக்கும். மாட்டைத் திருப்பி ஓட்டி வரும் வேலை இருக்கிற பண்ணையில் ரேஞ்சர்தான் நிற்கிறது.

லானோகாரன், உங்கள் தண்ணீர்த் தொட்டிக் கணக்கு: ஒரு காலன் 8.34 பவுண்டு. 100 காலன் 834 பவுண்டு, தொட்டி எடை தனி. முழு அளவு வண்டிகளின் பின்தட்டு வரம்பு பெரும்பாலும் 1,000 பவுண்டு, உல்வரின் ஆர்மேக்ஸ் இரண்டு இருக்கை வண்டியில் 600-தான். இதைத் தாண்டி மொத்தச் சுமை வரம்பு என்று ஒன்று இருக்கிறது. அதில் நீங்களும் உங்கள் மச்சானும் அடக்கம்.

லானோகாரன் (டெக்சாஸ்)

மச்சான் 230 பவுண்டு. இந்தக் கணக்கை அவரிடம் நான் காட்டப்போவதில்லை.

டாக்டர், டீசல் சத்தத்துக்கு மான் ஓடாதா?

மாட்டுடாக்டர் (கேன்சஸ்)

தினமும் அதே நேரத்துக்கு அதே வண்டியில் தீவனம் போட்டால் மான் பழகிவிடும். டெக்சாஸ் ராஞ்ச்களில் ஃபீடர் வண்டிச் சத்தம் கேட்டு மான் கிட்டே வருவதே உண்டு. வண்டி நின்று ஆள் இறங்கினால்தான் ஓடும். வாரக்கடைசியில் மட்டும் போகிறவர்களுக்கு இது நடக்காது. அவர்கள் தள்ளி நிறுத்திவிட்டு நடப்பதே நல்லது.

சட்பரிவேட்டை (வட ஒன்ராறியோ)

வேட்டைக்கு எடுக்கிறவர்களுக்கு நம்பகம் என்பது வேறு கணக்கு. பண்ணையில் வண்டி நின்றால் நடந்து வீட்டுக்கு வந்து டிராக்டரால் இழுக்கலாம். இங்கே மூஸ் (பெரிய வடநாட்டு மான்) வேட்டைக்குப் பழைய மரவெட்டிப் பாதையில் உள்ளே போய்விட்டால் போனில் சிக்னல் இருக்காது.

எங்கள் குழுவில் ஒருவரின் வண்டி, பெயர் வேண்டாம், பீவர் (மரம் கடித்து ஓடையில் அணை கட்டும் விலங்கு) கட்டிய அணை உடைந்து பாதையில் நின்ற தண்ணீரைக் கடந்தது. இருக்கைக்குக் கீழே வரைதான் தண்ணீர். இஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெல்ட் பெட்டிக்குள் தண்ணீர் போய்விட்டது. மறுகரையில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் இஞ்சின் அலறுகிறது, வண்டி நகரவில்லை. வடிகால் திருகைத் திறந்துவிட்டு, நியூட்ரலில் இஞ்சினை முறுக்கிப் பெல்ட்டைக் காயவைத்த பிறகே கிளம்பியது. இது தெரியாதவர் அங்கேயே மிதித்து மிதித்துப் பெல்ட்டை எரித்திருப்பார்.

அதனால் என் வண்டியில் இருக்கைக்கு அடியில் எப்போதும் இருப்பவை: உபரி பெல்ட், அதை மாற்றும் கருவி, பஞ்சர் சொருகி, சின்னக் காற்று பம்ப், இழுவைப் பட்டை. பெல்ட்டை வீட்டு முற்றத்தில் ஒரு தடவை மாற்றிப் பழகிக்கொள்ளுங்கள். கருவி இருந்தும் எந்தத் திருகு எங்கே என்று தெரியாமல் இருட்டில் தடவுவது வீண் வேலை.

பனிக்காலத்தில் முன்னால் பலகை மாட்டிப் பனி தள்ளுகிறேன். பெல்ட்டுக்கும், முன் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலுக்கும் வருடத்திலேயே அதிகம் உழைப்பு அப்போதுதான். லோ கியரை விட்டு வெளியே வருவதே இல்லை.

ஒன்ராறியோவில் வேட்டையாடுகிறவர்களுக்கு ஒரு நினைவூட்டல்: குண்டு ஏற்றிய துப்பாக்கியை வாகனத்திலோ வாகனத்தின் மேலோ வைத்திருப்பது குற்றம். சைட்-பை-சைட்டும் வாகனம்தான்.

குட்டியானை (ஜார்ஜியா)

எல்லோரும் 15,000, 20,000 டாலர் என்று பேசுகிறீர்கள். ஜப்பான் மினி டிரக் பற்றி ஒருவரும் பேசவில்லையே? சுசுகி கேரி, டைஹாட்சு ஹைஜெட், ஹோண்டா ஆக்டி. 660 சிசி, கேட்டு வாங்கினால் நான்கு சக்கர ஓட்டம், மூடிய கேபின், ஹீட்டர், மூன்று பக்கமும் திறக்கும் பின்தட்டு. 25 வருஷம் ஆன வண்டியை அமெரிக்காவுக்கு இறக்கலாம், கனடாவில் 15 வருஷமே போதும். டெக்சாஸிலும் 2024-இல் பதிவு செய்ய வழிவிட்டுவிட்டார்கள். பெல்ட் தலைவலியே கிடையாது, சாதாரண மேனுவல் கியர். வலதுபக்க ஸ்டியரிங் வெள்ளைக்காரர்களுக்குத்தான் கஷ்டம், நமக்கென்ன?

ஸ்பேனர்கை (ஒன்ராறியோ)

வலதுபக்க ஸ்டியரிங் விஷயத்தில் முழு சம்மதம்!

சமதரைப் பண்ணைக்கு மினி டிரக் அருமையான சாமான். ஆனால் தம்பி சொன்னது கிரானைட் சரளையும் ஓடைக்கரையும். மினி டிரக்கின் அடிவயிறு தாழ்வு, சின்னச் சக்கரம், சஸ்பென்ஷன் கொஞ்சம்தான் அசையும். கல்லில் ஏறினால் ஒரு சக்கரம் காற்றில் நிற்கும். உருண்டால் தாங்கும் கூண்டும் கிடையாது. 25 வருட ஜப்பான் வாகனம் என்றால் அடியில் துருவைப் பார்க்காமல் காசைக் கொடுக்கக்கூடாது, பனிப் பிரதேசத்தில் ஓடியதா என்று கேட்கவேண்டும்.

குட்டியானை (ஜார்ஜியா)

சரி, ஓடைக்கரைக்கு ஒத்துக்கொள்கிறேன். வேலித்தூண் ஏற்ற இதை அடிக்க ஒன்றும் கிடையாது என்பதில் மாற்றமில்லை.

எல்க்மலை (கொலராடோ)

இங்கே 10,000 அடி உயரத்தில் எல்க் (பெரிய மலை மான்) வேட்டை. காற்று மெலிந்திருப்பதால் ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ 3 சதவீதம் சக்தி போய்விடும். அதாவது 60 குதிரைசக்தி வண்டி மேலே வந்தால் 42 ஆகிவிடும். எரிபொருள் ஊசி தானே சரிசெய்துகொள்ளும், பெல்ட்டைப் பிடிக்கும் கப்பியில் இருக்கும் கிளட்ச் சரிசெய்துகொள்ளாது. அதற்குள் இருக்கும் எடைகள் கடல்மட்டத்துக்கு ஏற்றபடி வைக்கப்பட்டவை. மேட்டில் இஞ்சின் இழுக்கத் திணறினால் பெல்ட்தான் சூடாகும். மலையில் இருப்பவர்கள் கிளட்ச் எடையை மாற்றுவதற்குக் காரணம் இதுதான்.

அகலத்தையும் பாருங்கள். இங்கே வனத்துறைப் பாதைகளில் பல 50 அங்குலத்துக்கு மேல் விடாது. ரேஞ்சர், டிஃபெண்டர் போன்ற முழு அளவு வண்டிகள் எல்லாம் 60 அங்குலத்துக்கு மேல். ஹோண்டா பயனியர் 520 சரியாக 50. வில்டர்னெஸ் என்று அறிவித்த காட்டில் 1964 சட்டப்படி எந்த இஞ்சினும் நுழைய முடியாது, அங்கே குதிரையோ முதுகோதான். ஆண் எல்க் 700 பவுண்டு வரும், நான்காக வெட்டித்தான் சுமக்க வேண்டும்.

லானோகாரனுக்குச் சொந்த நிலம், இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அவர் பார்க்க வேண்டியது இறக்கம். 800 பவுண்டு தண்ணீரோடு சரளை இறக்கத்தில் வரும்போது சில பெல்ட் வண்டிகள் ஆக்சிலரேட்டரை விட்டதும் நியூட்ரல் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். பிரேக்கை நம்பியே இறங்க வேண்டும். பயனியர் கியரில் பிடித்துக்கொள்ளும். குபோட்டாவில் காலை எடுத்தாலே நின்றுவிடும். யமஹாவிலும் இஞ்சின் பிடிப்பு நன்றாக இருக்கும். வாங்குவதற்கு முன் ஒரு மேட்டில் ஏறி, காலை எடுத்துப் பாருங்கள். டீலர் கடை வாசலில் ஓட்டிப் பார்த்தால் இது தெரியாது.

பழையமியூல் (மிசிசிப்பி)

தீப்பிடிக்கும் கதையையும் யாராவது சொல்லுங்கள். டெக்சாஸ் காய்ந்த புல்லில் ஓட்டப் போகிறார்.

ஸ்பேனர்கை (ஒன்ராறியோ)

சொல்ல வேண்டியதுதான், ஏனென்றால் இது பொதுவில் பதிவான விஷயம். 2018-இல் போலாரிஸ் கம்பெனி அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்கு 27.25 மில்லியன் டாலர் அபராதம் கட்டியது. ஆர்இசட்ஆர், ரேஞ்சர் மாடல்கள் சிலவற்றில் தீ அபாயம் இருந்ததை உடனே தெரிவிக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. யமஹா ரைனோவுக்கு 2009-இல் வேறு பிரச்சினை, உருளும் அபாயம். பின் சக்கரங்களுக்கு இடைவளையம் போட்டு அகலப்படுத்தி, பின்னாலிருந்த ஸ்வே பாரை (இரு பக்கச் சக்கரங்களையும் இணைத்துச் சாய்வைக் குறைக்கும் கம்பி) கழற்றிக் கொடுத்தார்கள்.

இதைச் சொல்வது அந்தக் கம்பெனிகளை ஒதுக்குவதற்கில்லை. ரீகால், அதாவது குறையுள்ள வண்டியைக் கம்பெனியே அழைத்துச் சரிசெய்து தருவது, எல்லாருக்கும் வந்திருக்கிறது. பழைய வாகனம் வாங்கும்போது அந்த ரீகால் வேலை அந்த வாகனத்தில் செய்யப்பட்டதா என்று வண்டி எண்ணைக் கொடுத்து டீலரிடம் கேளுங்கள். காருக்குத் தேடும் நெடுஞ்சாலைத் துறை இணையப் பக்கத்தில் தேடினால் கிடைக்காது, அமெரிக்காவில் இந்த வண்டிகள் நுகர்வோர் ஆணையத்தின் கீழ் வருகின்றன.

புல் விஷயம் எல்லா வண்டிக்கும் பொதுவானது. அடித்தட்டுக்கு மேல் காய்ந்த புல்லும் எலிக்கூடும் சேரும், பக்கத்தில் சைலன்ஸர் கொதிக்கும். காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். சின்னத் தீயணைப்பான் ஒன்றைக் கையெட்டும் தூரத்தில் கட்டுங்கள், பின்தட்டில் இல்லை.

லானோகாரன் (டெக்சாஸ்)

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக மச்சானும் நானும் இதை வைத்தே சண்டை போடுகிறோம். இப்போது மூன்றில் வந்து நிற்கிறோம். பயனியர் 700, மியூல் ப்ரோ-எஃப்எக்ஸ்டி, ரேஞ்சர் 1000. மச்சானுக்கு ரேஞ்சர் வேண்டும், ஏனென்றால் அதற்கு எல்லாத் துணைப்பாகமும் கிடைக்கிறது. எனக்கு பெல்ட் இல்லாத ஹோண்டா பிடித்திருக்கிறது. அதில் ஏதாவது குறை உண்டா? இணையத்தில் அதைப் பற்றிக் கெட்டதாக ஒன்றுமே காணோம், அதுவே சந்தேகமாக இருக்கிறது.

ஸ்பேனர்கை (ஒன்ராறியோ)

உண்டு. பயனியர் 700-இல் 675 சிசி ஒற்றைச் சிலிண்டர், இருக்கைகளுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது. டெக்சாஸ் ஆகஸ்டில் தொடை வேகும். சத்தமும் அதிர்வும் காலடியிலேயே கேட்கும். கியர் மாறுவது தெரியும், கார் மாதிரி நழுவாது. இழுவை வரம்பு 1,500 பவுண்டு, மற்ற இரண்டும் 2,000-க்குக் குறையாது. நான்கு பேர் உட்காரும் மாடலில் பின் இருக்கையை நிமிர்த்தினால் பின்தட்டு போய்விடும்.

ஆனால் நீங்கள் சொன்ன வேலைக்கு, வேகம் வேண்டாம், சுமை, மேடு பள்ளம், நின்று நின்று கிளம்புவது என்றால், நான் அதைத்தான் எடுப்பேன். நின்று நின்று கிளம்புவதுதான் பெல்ட்டின் எதிரி. ஃபீடருக்கு ஃபீடர், தூணுக்குத் தூண் நிறுத்துகிறவருக்கு கியரோ ஹைட்ரோஸ்டாட்டோ நல்லது. பயனியர் 1000-இன் இரட்டை கிளட்ச்சும் பலமானதுதான். எண்ணெயும் இரண்டு ஃபில்டரும் நேரத்துக்கு மாற்றாதவரின் கையில் அது பெல்ட்டைவிடப் பெரிய செலவு வைக்கும், ஏனென்றால் அந்த கிளட்ச் இஞ்சின் எண்ணெயின் அழுத்தத்தில்தான் பிடிக்கிறது.

உங்கள் மச்சான் சொல்வதும் தள்ளக்கூடியதில்லை. ரேஞ்சருக்கு எந்தச் சிற்றூரிலும் பாகம் கிடைக்கும், திருத்தத் தெரிந்தவரும் கிடைப்பார். உங்கள் நிலத்துக்குக் கிட்ட எந்த டீலர் இருக்கிறார்?

லானோகாரன் (டெக்சாஸ்)

மூன்றுக்கும் ஒரு மணி நேர ஓட்டத்துக்குள் ஆள் இருக்கிறது. அந்த வகையில் பிரச்சினை இல்லை. பழைய வண்டி ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது, இந்த மூன்றில் ஒன்றுதான், எது என்று சொல்லவில்லை. மீட்டரில் 612 மணி நேரம், 2,900 மைல். விலை நன்றாக இருக்கிறது. சனிக்கிழமை பார்க்கப் போகிறோம். என்ன பார்க்க வேண்டும்?

ஸ்பேனர்கை (ஒன்ராறியோ)

முதலில் மைலை மணியால் வகுத்துப் பாருங்கள். ஐந்துக்கும் குறைவு. சராசரியாக ஒரு மனிதன் வேகமாக நடக்கும் வேகம். பொழுதுபோக்குக்கு ஓட்டிய வண்டி என்றால் பத்து, பன்னிரண்டு வரும். இது பண்ணையில் உழைத்த வண்டி, இல்லாவிட்டால் இஞ்சினை ஓடவிட்டுக்கொண்டே வேலை செய்திருக்கிறார்கள். அது கெட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் எண்ணெயை மைல் கணக்கில் மாற்றினாரா, மணிக்கணக்கில் மாற்றினாரா என்று கேளுங்கள். எது முந்துகிறதோ அப்போது என்றுதான் கையேட்டில் இருக்கும். மைல் கணக்கு மட்டும் பார்த்தவர் பாதிக்குப் பாதி கோட்டை விட்டிருப்பார்.

குளிர்ந்த இஞ்சினோடு வைத்திருக்கச் சொல்லுங்கள். போனதும் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் கிளம்ப மறுக்கும் வண்டியை முன்கூட்டியே கிளப்பிவைத்திருக்கிறார். ஜாக்கி ஒன்று எடுத்துப் போங்கள். ஒவ்வொரு சக்கரத்தையும் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பேரிங், பால் ஜாயிண்ட் ஆட்டம் தெரியும். பக்கவாட்டில் ஆட்டினால் ஸ்டியரிங் முனை. ஆக்சில் பூட் (சக்கரத் தண்டின் ரப்பர் உறை) கிழிந்து கிரீஸ் சிதறியிருக்கிறதா பாருங்கள். கிரீஸ் நிப்பிள்களில் மண் காய்ந்து இறுகியிருந்தால் அவர் கிரீஸ் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி, நான்கு சக்கர ஓட்டத்தில் மெதுவாக வட்டம் அடித்தால் தேய்ந்த ஜாயிண்ட் டக் டக் என்று பேசும். இஞ்சின் ஓடும்போது பேட்டரியில் வோல்ட் பாருங்கள், 14-ஐ ஒட்டி இருக்கவேண்டும். விஞ்சும் (கம்பியைச் சுருட்டி இழுக்கும் மோட்டார்) விளக்கும் மாட்டிய வண்டியில் சார்ஜிங் பக்கம்தான் முதலில் களைக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தாலும் ஒரே ஒரு விஷயத்துக்காக நான் வாங்காமல் வந்துவிடுவேன். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து ஃபில்டரை எடுத்துவிட்டு, அதற்கு அந்தப் பக்கம், இஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாயின் உட்புறத்தை ஒரு வெள்ளைத் துணியால் துடையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு வந்தால் பரவாயில்லை. மண் வந்தால் முடிந்தது. ஃபில்டரைத் தாண்டிப் போன தூசி பிஸ்டன் வளையத்தை உரசித் தின்றுவிடும். வண்டி இன்றைக்கு நன்றாகத்தான் ஓடும். ஆறு மாதத்தில் எண்ணெய் குடிக்கத் தொடங்கும். நம்பகமான கம்பெனி, நம்பகமில்லாத கம்பெனி என்று நாம் கதைப்பதில் பாதி இந்தக் குழாய்க்குள்தான் இருக்கிறது.

மாட்டுடாக்டர் (கேன்சஸ்)

கூட ஒன்று: இருக்கைக்கு அடியில் ஒயர்களைப் பாருங்கள். தீவன மூட்டை ஏற்றிய வண்டியில் சிந்திய சோளத்துக்கு எலி வராமல் இருக்காது. வந்தால் ஒயரையும் விடாது. டேப் சுற்றிய இடங்கள் அதிகமிருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லலாம்.

எல்க்மலை (கொலராடோ)

மின்சார வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. ரேஞ்சர் கைனெடிக் வேட்டைக்கு ஓட்டிப் பார்த்தேன், சத்தமே இல்லை, பெல்ட்டும் இல்லை. ஆனால் பட்ஜெட்டுக்கு வெகு தூரம், குளிரில் தூரமும் குறைகிறது. 80 ஏக்கருக்குள் சுற்றுகிறவருக்கு ஒருநாள் இதுதான் சரியாக இருக்கும். இப்போதைக்கு இல்லை.

லானோகாரன் (டெக்சாஸ்)

போய் வந்தோம். வெளியே பளபளவென்று இருந்தது, டயர்கூடப் புதுசு. இஞ்சின் குளிர்ந்துதான் இருந்தது, முதல் திருப்பலில் கிளம்பியது. பேரிங் ஒன்றில் லேசான ஆட்டம், மச்சான் அதைக் காட்டி 300 டாலர் குறைத்தும்விட்டார். எனக்கே கை ஊறியது.

அப்புறம் துணியை எடுத்தேன். விற்பவர் முகம் கொஞ்சம் மாறியது. ஃபில்டர் புத்தம் புதுசு, நேற்றுதான் போட்டிருக்க வேண்டும். குழாய்க்குள் துணியை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தால் லானோ மண்ணின் அதே இளஞ்சிவப்பு நிறம், விரல்களுக்கு நடுவே தேய்த்தால் நறநறவென்கிறது. படம் இணைத்திருக்கிறேன்.

ஸ்பேனர்கை (ஒன்ராறியோ)

படம் பார்த்தேன். வாங்கவில்லைதானே?

லானோகாரன் (டெக்சாஸ்)

இல்லை அண்ணா. மச்சான்தான் வழியெல்லாம் 300 டாலர், 300 டாலர் என்று புலம்பிக்கொண்டு வந்தார். அடுத்த வாரம் டீலரிடம் ஒரு பயனியர் 700 பார்க்கப் போகிறோம், ஒரே உரிமையாளர், சர்வீஸ் சீட்டு எல்லாம் இருக்கிறதாம். மீட்டரில் 240 மணி நேரம், 2,100 மைல்.

பழையமியூல் (மிசிசிப்பி)

மணிக்கு ஒன்பது மைலுக்குக் கொஞ்சம் குறைவு. வாரக்கடைசி வேட்டைக்காரர் வண்டி. விலை என்ன சொல்கிறார்?

லானோகாரன் (டெக்சாஸ்)

9,800. மேலே கூரை, முன்னால் விஞ்ச் சேர்த்து.

ஸ்பேனர்கை (ஒன்ராறியோ)

கேட்ட அளவில் நல்ல விலை. சர்வீஸ் சீட்டை நம்பிவிடாமல் துணியை மறுபடி எடுத்துக்கொண்டு போங்கள். விஞ்ச் மாட்டியவர் ஒயரை நேராக பேட்டரிக்குக் கொடுத்தாரா, எங்காவது நடுவில் கிள்ளி எடுத்தாரா என்றும் பாருங்கள்.